மூன்று டிசைன்களில் எது? கடலை மிட்டாய் பாக்கெட்டும் விளம்பரமும்

கேள்வி: கோவில்பட்டியில் அப்பாவும் பெரியப்பாவும் கடலை மிட்டாய் போடுகிறார்கள். மஞ்சள் கவர், சிவப்பு எழுத்து, ஓரத்தில் கடலைச் செடிப் படம். முப்பது வருடமாக அதே கவர்தான். 200 கிராம் பாக்கெட், விலை 90 ரூபாய். மாதம் 3,000 பாக்கெட் போகிறது, பெரும்பாலும் பஸ் ஸ்டாண்ட் கடைகளிலும் ஹைவே ஓட்டல்களிலும். இனி சென்னை, கோவை சூப்பர் மார்க்கெட்டுகளுக்குப் போக நினைக்கிறோம். ஒரு ஏஜென்சி மூன்று டிசைன் கொடுத்திருக்கிறது. முதலாவது, பழுப்பு கிராஃப்ட் காகிதத்தில் கறுப்பு ஆங்கில எழுத்து. இரண்டாவது, பாட்டி ஓவியமும் ஓலைப் பின்னல் பார்டரும். மூன்றாவது, ஆரஞ்சு நிறத்தில் சிரிக்கும் கடலை கார்ட்டூன். ‘பாரம்பரியச் சுவை, நவீனத் தரம்’ என்று ஒரு வாசகமும் எழுதியிருக்கிறார்கள். கையில் 6 லட்சம் இருக்கிறது. அதில் மூன்றரை லட்சத்துக்கு விளம்பரப் படம் எடுக்கலாம் என்கிறார்கள். பவுச் அச்சிடுபவர் 300 கிலோ பிலிமுக்குக் குறைவாகப் போட முடியாது என்கிறார். கடைக்காரர்கள் உள்ளே இருப்பது தெரிய ஜன்னல் வேண்டும் என்கிறார்கள். கவரை மாற்றவே கூடாது என்கிறார் பெரியப்பா. எதைத் தேர்ந்தெடுப்பது?
— வாசகி, கோவில்பட்டி

பதில்:

மூன்றையும் எடுக்க வேண்டாம். படங்களைப் பார்த்தேன், கைவேலை நன்றாகவே இருக்கிறது. ஆனால் மூன்றும் உடை மட்டும்தான், அதைப் போட்டுக்கொள்ள உள்ளே ஆள் இல்லை. கிராஃப்ட் பவுச்சை இன்று பாதி சிறுதானியக் கம்பெனிகள் போடுகின்றன. பாட்டி படத்தை மசாலாப் பொடிக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். வாசகத்துக்கு ஒரு சோதனை வைத்துப் பாருங்கள்: உங்கள் பெயரை எடுத்துவிட்டு ஒரு ஊறுகாய்க் கம்பெனியின் பெயரைப் போடுங்கள், பிறகு ஒரு நகைக்கடையின் பெயரைப் போடுங்கள். ‘பாரம்பரியச் சுவை’யை ‘பாரம்பரிய நகை’ என்று மாற்றினால் அங்கேயும் ஒட்டிக்கொள்ளும். எல்லோருக்கும் பொருந்தும் வாசகத்துக்கு நீங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

கான்செப்டை, அதாவது பாக்கெட்டும் விளம்பரமும் சொல்ல வேண்டிய ஒரே கருத்தை, தேட வெளியே போக வேண்டியதில்லை, உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சரக்கு போவது பஸ் ஸ்டாண்டிலும் ஹைவேயிலும். அதாவது வாங்குகிறவர் ஒருவர், சாப்பிடுகிறவர் வேறொருவர். மதுரை–திருநெல்வேலி சாலையில் போகிறவர் தனக்குப் பசிக்கிறது என்பதற்காக 200 கிராம் வாங்குவதில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் பையைப் பார்த்துப் பிள்ளைகள் ஒன்று கேட்கும்: “என்ன வாங்கிட்டு வந்தீங்க?” உங்கள் பாக்கெட் அந்தக் கேள்விக்கான பதில். இதையே கான்செப்டாக வையுங்கள். சுவை, தரம், பாரம்பரியம் எதையும் தனியாகப் பேச வேண்டியிராது. வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக் கூடாது என்பது நம் ஆட்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயமில்லை.

பக்கத்துப் பட்டறைக்காரரும் இதைச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். சொல்லலாம்தான். ஆனால் முதலில் எடுத்து, பாக்கெட், பஸ், ரேடியோ, கடை என்று எல்லா இடத்திலும் பல வருடம் விடாமல் சொல்கிறவருக்கே அது சொந்தமாகும். உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் விளம்பரத்தை நினைத்துப் பாருங்கள். குழந்தை அழுகிறது, ஒவ்வொரு தலைமுறை அம்மாவும் தன் மகளிடம் ‘உனக்கும் அதைத்தான் கொடுத்தேன்’ என்கிறாள். மருந்தில் என்ன இருக்கிறது என்ற பேச்சே இல்லை. அமுல் சிறுமி 1966இல் வந்தவள், இன்னும் அதே புள்ளி ஃபிராக்கோடு போர்டுகளில் நிற்கிறாள். ஆறு மாதத்துக்கு ஒரு வாசகம் மாற்றுகிறவர்களுக்கு இது கிடைக்காது.

கான்செப்ட் சரியா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அது பாக்கெட்டுக்குள் இறங்கி வேலை செய்ய வேண்டும். முன்பக்கத்து வாசகத்தோடு நின்றுவிட்டால் அது வெறும் வாசகம்தான். உங்கள் விஷயத்தில் இறக்கிப் பார்ப்போம்.

கொண்டு வந்ததைப் பங்கு போட வேண்டும். எனவே 200 கிராமை 25 கிராம் வீதம் எட்டுத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனியாகச் சின்ன பி.ஓ.பி.பி. (மெல்லிய பிளாஸ்டிக்) கவரில் போடுங்கள். கவரில் ஒரே நிறத்தில் ஒரு வரி: ‘இது பாட்டிக்கு’, ‘இது தம்பிக்கு’, ‘இது பக்கத்து வீட்டுக்கு’, ‘இது கடைசியா வந்தவருக்கு’, ‘இது வாங்கிட்டு வந்தவருக்கு’. கூடவே ‘தனியாக விற்பதற்கல்ல’ என்றும் போட்டுவிடுங்கள். இது விளையாட்டுப் போலத் தெரியும், ஆனால் மூன்று கோளாறுகளை ஒரே அடியில் சரி செய்கிறது. வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், பிரித்த பாக்கெட்டில் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். உடைந்த மிட்டாயின் கூர்முனை வெளி பவுச்சைக் குத்தி ஊசித்துளை போடும், அதன் வழியே ஈரம் ஏறி ‘நமத்துப் போச்சு’ என்று சரக்கு திரும்பி வரும். லாரியில் குலுங்கி உடையும் துண்டும் இனி தன் கவருக்குள்ளேயே கிடக்கும். பிளாஸ்டிக் கொஞ்சம் கூடும்தான். அதற்கு ஈடாக வெளி பவுச்சில் ஜிப்பரை எடுத்துவிடலாம், உள்ளே தனித்தனிக் கவர் இருக்கும்போது அது தேவையில்லை. மாதம் 3,000 பாக்கெட் என்றால் 24,000 துண்டு, 26 வேலை நாளுக்குப் பிரித்தால் தினம் 900 சொச்சம். ஆரம்பத்தில் இதற்கு மெஷின் வேண்டாம், கவர் வாயைச் சூட்டில் ஒட்டும் ஒரு பேண்ட் சீலரும் இரண்டு பேரும் போதும். மாதம் பத்தாயிரம் பாக்கெட் தாண்டிய பிறகு, துண்டைத் தானே கவரில் சுற்றி ஒட்டும் பில்லோ பேக் மெஷின் பற்றிப் பேசலாம்.

இப்போது பெரியப்பாவின் கட்சிக்கு வருவோம். அவர் பாதி சரி. 2009 ஜனவரியில் அமெரிக்காவில் டிராபிகானா தன் ஆரஞ்சு ஜூஸ் அட்டைப்பெட்டியை மாற்றியது. பழத்தில் ஸ்ட்ரா குத்திய படத்தை எடுத்துவிட்டு ஜூஸ் நிறைந்த கண்ணாடித் தம்ளரைப் போட்டார்கள், எழுத்தையும் மாற்றினார்கள். இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் விழுந்தது, பழைய பெட்டிக்கே திரும்பினார்கள். வாங்குகிறவர் பெயரைப் படிப்பதில்லை. நிறத்தையும் உருவத்தையும் பார்த்துக் கை நீட்டுகிறார். அது காணாமல் போனால் சரக்கே இல்லை என்று நினைத்து அடுத்ததை எடுக்கிறார்.

ஆகவே எதை வைத்துக்கொள்வது என்று ஊகிக்காமல் கேட்டுப் பாருங்கள். பழைய வாடிக்கையாளர்கள் இருபது பேரிடம் காகிதமும் கலர் பென்சிலும் கொடுத்து, கவரை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் வரைவதைத் தொடாதீர்கள், யாருமே வரையாததைத் தாராளமாக எடுத்துவிடலாம். மஞ்சளும் சிவப்பு எழுத்தும் தேறும், கடலைச் செடி தேறாது என்பது என் கணிப்பு.

ஜன்னல் விஷயத்தில் கடைக்காரர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். கடலையில் எண்ணெய் அதிகம். வெளிச்சமும் ஆக்சிஜனும் பட்டால் அது கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். சூப்பர் மார்க்கெட்டில் காலை முதல் இரவு வரை குழல்விளக்கு வெளிச்சம். வெளி பவுச்சுக்கு 12 மைக்ரான் பெட் (பாலியெஸ்டர் பிலிம்), 12 மைக்ரான் மெட்டலைஸ்டு பெட் (உலோகப் பூச்சுள்ள அதே பிலிம்), 50 மைக்ரான் பி.இ. (பாலித்தீன்) என்ற மூன்றடுக்கு சரியாக இருக்கும். நடுவிலுள்ள உலோகப் பூச்சுதான் வெளிச்சத்தையும் ஈரத்தையும் காற்றையும் தடுக்கிறது. ஜன்னல் வைத்தால் அந்த இடத்தில் பூச்சு இருக்காது, அதாவது தடுப்பில் நீங்களே ஓட்டை போடுகிறீர்கள். அதற்குப் பதில் உடைத்த துண்டின் குறுக்குவெட்டை நிஜ அளவிலேயே போட்டோ எடுத்துப் போடுங்கள். முழுச் சதுரத்தைவிட உடைந்த ஓரத்தில்தான் கடலை தெரியும், பாகு மின்னும். பக்கவாட்டிலிருந்து ஒரே விளக்கு போதும், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை. உள்ளே இருப்பதைவிடக் கடலை அதிகம் தெரிகிற மாதிரி மட்டும் எடுக்காதீர்கள். புகாரும் வரும், வழக்கும் வரலாம்.

மெட்டலைஸ்டு அடுக்கு இருப்பதால் ஒரு லாபமும் உண்டு. சாதாரணமாக எல்லா நிறத்துக்கும் பின்னால் வெள்ளை மை ஓடும். போட்டோவில் பாகு இருக்கும் இடத்தில் மட்டும் அந்த வெள்ளையை எடுத்துவிட்டு மஞ்சளையும் பழுப்பையும் நேராக உலோகப் பரப்பின் மேல் விழ விட்டால், தங்க மை இல்லாமலே பாகு தகதகக்கும். இதே வித்தை பார்கோடில் நடந்தால் வினை. பின்னால் வெள்ளை இல்லாத பார்கோடை பில்லிங் கவுண்டரில் மெஷின் படிக்காது. படிக்காத சரக்கை சூப்பர் மார்க்கெட் திருப்பி அனுப்பிவிடும். 13 இலக்க பார்கோடின் முழு அளவு, இருபுற வெற்றிடத்தையும் சேர்த்து 37.29 x 25.93 மில்லிமீட்டர். 80 சதவீதம் வரை, அதாவது 29.83 x 20.74 வரை சிறிதாக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். கோடுகள் கறுப்பு, பின்னணி வெள்ளை. சிவப்புக் கோடு போட்டால் ஸ்கேனரின் சிவப்பு ஒளியில் அது மறைந்துவிடும். பிலிம் ஓடும் திசையிலேயே கோடுகள் நிற்க வேண்டும், குறுக்கே நின்றால் அச்சு இழுபட்டுக் கோடு தடிக்கும்.

கம்ப்யூட்டர் திரையில் அழகாக இருக்கும் டிசைன் பவுச்சில் அசடு வழியக் காரணம், தட்டையாகப் பார்த்து ஒப்புதல் கொடுப்பதுதான். 16 x 23 சென்டிமீட்டர் ஸ்டாண்டிங் பவுச்சில் மேலே 1 சென்டிமீட்டர் சீலுக்குப் போகும். அதற்குக் கீழே மூன்று சென்டிமீட்டர் சரக்கில்லாமல் சுருங்கும், தொங்கவிடும் துளையும் கிழிக்கும் வெட்டும் அங்கேதான் வரும். அடியில் நாலு சென்டிமீட்டர் வளைந்து மறையும், கடை ரேக்கின் விலைப் பட்டை அதையும் மறைக்கும். மிச்சம் 15 சென்டிமீட்டர்தான் உங்கள் மேடை. பெயர், ‘என்ன வாங்கிட்டு வந்தீங்க?’ என்ற கேள்வி, போட்டோ மூன்றும் அதற்குள் அடங்க வேண்டும். ஏஜென்சியிடம் கலர் பிரிண்ட் எடுத்து வெறும் பவுச்சில் ஒட்டி, உள்ளே எட்டுத் துண்டு போட்டு சீல் செய்த டம்மி கேளுங்கள். அதைப் பக்கத்துக் கடை ரேக்கில் மற்ற பிராண்டுகளுக்கு நடுவே வைத்து, மூன்று மீட்டர் தள்ளி நின்று போனில் போட்டோ எடுங்கள். பிறகு அந்தப் போட்டோவைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்குங்கள். அப்போதும் உங்களுடையது எது என்று தெரிந்தால் பாஸ்.

தமிழ் எழுத்தில் வழக்கமாக வரும் தொல்லைகள்: டிசைன் மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைப் போடாவிட்டால் ‘கொ’வின் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறும். அச்சகத்துக் கம்ப்யூட்டரில் ஃபான்ட் மாறினால் மொத்தமும் கட்டம் கட்டமாகிவிடும். எனவே எழுத்தை அவுட்லைனாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக, மாற்றியே அனுப்ப வேண்டும், மாற்றிய பிறகு வீட்டில் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். அடர்நிறப் பின்னணியில் வெள்ளையாக விடும் சின்ன எழுத்தில் மை பரவி முதலில் அடைவது புள்ளிதான். ‘கடல்’ ‘கடல’ ஆகிவிடும். 7 பாயிண்டுக்குக் கீழே அப்படி விடாதீர்கள். பின்பக்கச் சின்ன எழுத்தெல்லாம் ஒரே கறுப்பு மையில் வரட்டும். நாலு நிறம் கலந்த கறுப்பு ஒரு முடியளவு விலகினாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும்.

சட்டப் பக்கத்தை ஏஜென்சியிடம் விட்டுவிடாதீர்கள். பிழை இருந்தால் அபராதம் உங்களுக்குத்தான். கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும், தமிழைக் கூடுதலாகப் போடலாம். தமிழில் மட்டும் போட்டால் செல்லாது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லோகோவும் 14 இலக்க உரிம எண்ணும், அதிக எடையிலிருந்து குறைந்த எடை வரை வரிசைப்படி சேர்மானங்கள், ‘நிலக்கடலை உள்ளது’ என்ற ஒவ்வாமைக் குறிப்பு, 100 கிராமுக்கான ஊட்டச்சத்து அட்டவணை, நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த எம்.ஆர்.பி., தயாரித்த தேதியும் கெடு தேதியும், தயாரிப்பாளர் முகவரி, புகார் சொல்லும் எண் எல்லாம் வேண்டும். குளுக்கோஸ் சிரப் சேர்த்தால் அதையும் எழுத வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராம் விலையும் போட வேண்டும், உங்களுக்கு அது 45 பைசா. கிராமுக்கு ஆங்கிலத்தில் ‘ஜி’ ஒன்றே குறியீடு, ‘ஜிஎம்எஸ்’ என்று போட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சைவக் குறிக்கு முன்பக்கப் பரப்பைப் பார்க்க வேண்டும்: 16 x 23 என்றால் 368 சதுர சென்டிமீட்டர், அதற்குப் பச்சை வட்டம் குறைந்தது 4 மில்லிமீட்டர் விட்டம், சுற்றியுள்ள சதுரம் அதன் இரு மடங்கு.

‘சர்க்கரை சேர்க்காதது’ என்று போடும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள், சட்டத்தின் கணக்கில் வெல்லமும் சேர்த்த சர்க்கரைதான். ‘இயற்கை’, ‘பாரம்பரிய’, ‘வீட்டுத் தயாரிப்பு’ போன்ற சொற்களுக்கு 2018ஆம் ஆண்டு உணவு விளம்பர விதிமுறைகளில் கட்டுப்பாடு உண்டு, ஏஜென்சியின் வாசகத்தை ஒதுக்க இதுவும் ஒரு காரணம். ‘கோவில்பட்டி கடலை மிட்டாய்’ 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரையும் குறியீட்டையும் முன்பக்கத்தில் போடுவதற்கு முன், அனுமதி பெற்ற பயனாளராக உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள். பதிவாகவில்லை என்றால் உள்ளூர் உற்பத்தியாளர் சங்கம் மூலம் முதலில் அதை முடியுங்கள்.

அடுத்து அந்த 300 கிலோ. கணக்குப் போட்டால் கண் திறக்கும். மேலே சொன்ன மூன்றடுக்கு, பசையும் மையும் சேர்த்து சதுர மீட்டருக்குச் சுமார் 85 கிராம் வரும். ஒரு பவுச்சுக்கு அடி மடிப்பையும் சேர்த்து 16 x 54 சென்டிமீட்டர் பிலிம், அதாவது சுமார் 7.3 கிராம். 300 கிலோவில் 41,000 பவுச். மாதம் 3,000 போனால் பதின்மூன்று மாதச் சரக்கு! அதற்குள் வெல்லம் விலை ஏறும், எம்.ஆர்.பி. மாறும், சேர்மானம் மாறும். ஆகவே முதல் சுற்றில் சிலிண்டர் (டிசைனைச் செதுக்கிய அச்சு உருளை) போடவே வேண்டாம். மஞ்சள் நிற வெறும் மெட்டலைஸ்டு பவுச் வாங்கி, முன்னும் பின்னும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். குறைந்த எண்ணிக்கைக்கு டிஜிட்டல் அச்சில் பவுச் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு பவுச்சின் விலை கூடத்தான் செய்யும், ஆனால் குடோனில் 30,000 பவுச் வீணாய்க் கிடப்பதைவிட மலிவு. எப்படி அச்சிட்டாலும் எம்.ஆர்.பி., தேதி, பேட்ச் எண்ணுக்கு 40 x 15 மில்லிமீட்டர் வெள்ளைக் கட்டம் விட்டு, அங்கே வார்னிஷ் வராமல் பாருங்கள். அச்சடித்துப் பத்து விநாடி கழித்துக் கட்டைவிரலால் தேயுங்கள், தேதி அழிந்தால் மையை மாற்றுங்கள்.

இந்தப் பவுச்சை ஆறு கடையில் ஓட்டிப் பாருங்கள். மூன்றில் பழையது, மூன்றில் புதியது, விலையும் ரேக்கும் அதேதான். நாலு வாரம் கழித்து இடம் மாற்றுங்கள், இன்னும் நாலு வாரம். இடம் மாற்றாவிட்டால் கடை நல்ல கடையா, கவர் நல்ல கவரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தீபாவளி, பொங்கலை ஒட்டி இதைச் செய்யாதீர்கள், அப்போது எதை வைத்தாலும் விற்கும்.

விளம்பரப் படத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சரக்கு எட்டாத ஊரில் படம் ஓடி என்ன பயன்? மூன்றரை லட்சத்தைப் படம் எடுக்கவே செலவழித்துவிட்டால் அதை யாருக்கும் காட்டக் காசிருக்காது. இன்ஃப்ளூயன்ஸர்களும் பிறகுதான். செய்தால், காசு கொடுத்த விளம்பரம் என்று அவர்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது வழியில் இருக்கும் ஆள். திருநெல்வேலி, மதுரை பக்கம் ஓடும் பஸ்களின் பின்பக்கத்தை விளம்பரத்துக்கு எடுங்கள். பின்னால் வருகிறவருக்குச் சில விநாடிதான் கிடைக்கும், ஏழு சொல்லைத் தாண்டக் கூடாது. ‘என்ன வாங்கிட்டு வந்தீங்க?’, பாக்கெட் படம், அவ்வளவே. போன் நம்பரும் இணைய முகவரியும் இடத்தை அடைக்கும். எஃப்.எம்.மில் பத்து விநாடி: கதவு திறக்கும் சத்தம், குழந்தை கேட்கும் கேள்வி, கவர் பிரியும் சரசரப்பு, மிட்டாய் ‘டக்’கென்று உடைவது, பெயர். மொத்தம் இருபது சொல்லுக்குள். அந்த ‘டக்’கை ஒரே மாதிரி எப்போதும் வையுங்கள். வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் போதும், வாரம் முழுக்க வாங்க வேண்டாம்.

சென்னையில் கணக்கு வேறு. ஊருக்குப் போய்விட்டுத் திங்கள் காலை கிளாம்பாக்கத்திலும் தாம்பரத்திலும் வந்து இறங்குகிறவர்களில் பலர் எதையும் வாங்கியிருக்க மாட்டார்கள். ஆபீஸில் நாலு பேர் கேட்பார்கள். அந்தப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டுகளில் பில்லிங் கவுண்டர் அருகே ஒரு அட்டைத் தட்டு வையுங்கள்: ‘ஊர்ல இருந்து என்ன வாங்கிட்டு வந்தீங்கன்னு கேட்பாங்களே?’ பாக்கெட்டில் எட்டுத் துண்டு இருப்பதன் அருமை அங்கே தெரியும். கோவைக்கு இப்போது போகாதீர்கள், ஒரு நகரத்தில் நின்ற பிறகு அடுத்தது.

ஆறு லட்சத்தை நான் இப்படிப் பிரிப்பேன்: டிசைன், போட்டோ, தமிழ் எழுத்து வடிவமைப்புக்கு ஒன்றரை லட்சம். சோதனைப் பவுச், சின்ன கவர், சீலருக்கு 75,000. கடைத் தட்டு, தொங்கும் பட்டைகளுக்கு 75,000. பஸ்ஸுக்கும் எஃப்.எம்.முக்கும் 2 லட்சம், ஆனால் அதைச் சோதனை முடிந்து புதிய பவுச் ஜெயித்த பிறகே எடுக்க வேண்டும். மிச்சம் ஒரு லட்சம் சிலிண்டருக்கு, அதையும் மாத விற்பனை எட்டாயிரம் தாண்டும் வரை தொடக் கூடாது.

ஏஜென்சியை மாற்ற வேண்டிய அவசியமில்லை. ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: வாங்குகிறவர் யார், எந்த நேரத்தில் வாங்குகிறார், வீட்டில் என்ன கேட்பார்கள், பழைய கவரில் எதைத் தொடக் கூடாது, எட்டுத் துண்டு, 15 சென்டிமீட்டர் மேடை. இப்படிக் கொடுத்தால் அவர்களும் நன்றாகவே செய்வார்கள், இதுவரை அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, அதனால்தான் பாட்டி வந்தார். முன்பணம் கொடுப்பதற்குள் இரண்டு விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: திறந்து திருத்தக்கூடிய மூல ஃபைல்கள், போட்டோக்கள், வரைந்த எழுத்து எல்லாம் கடைசித் தவணையோடு உங்கள் கைக்கு வர வேண்டும். பின்னாளில் போடும் சிலிண்டர்களும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், அச்சகத்தை மாற்றினால் எடுத்துப் போகும் உரிமையோடு.